கேள்வி கேட்ட பவுலும் வாய் மூடச் சொன்ன பவுலும்

பெயர் ஒன்று, குரல் இரண்டு.

ஒரு குரல் கேள்விமேல் கேள்வியாகத் தொடுக்கிறது. எதிரே இருப்பவன் என்ன மறுப்புரைப்பான் என்பதையும் தானே எடுத்துச் சொல்லி, அதற்கும் விடையிறுத்து, விடைக்குப் பின்னும் ஒரு வினாவை வீசி, கேட்போரைத் தூங்கவிடாமல் துரத்துகிறது. மற்றொரு குரல் கட்டளையிடுகிறது: பெண் வாய் திறவாதிருக்கட்டும், அடிமை ஆண்டைக்கு அடங்கி நடக்கட்டும். இரண்டுமே பவுல் என்ற ஒரே பெயரின்கீழ், ஒரே கட்டில் வைக்கப்பட்டு, நூற்றாண்டு நூற்றாண்டாக ஓதப்பட்டு வருகின்றன.

இரண்டும் ஒரே மனிதர் குரல்தானா? இந்த ஐயத்தை முதலில் எழுப்பியவர்கள் மதத்தை மறுப்போர் என்று எண்ணிவிட வேண்டாம். கிறித்தவக் கல்விக் கூடங்களிலே இறையியல் பயின்று, கிரேக்கமும் எபிரேயமும் கற்று, அந்த மடல்களை வரிவரியாக ஆராய்ந்தவர்களே எழுப்பினர். அவர்கள் கைக்கொண்ட முறைகள் யாவை, அவற்றால் விளைந்தது என்ன என்பதை நாம் அறிந்துகொள்வது நலம். ஓர் ஏடு யாருடையது என்று கண்டறியும் கலை, பகுத்தறிவாளர் படைக்கலங்களிலே கூர்மையான ஒன்றல்லவா?

புதிய ஏற்பாட்டில் பவுல் பெயர் பூண்டு வரும் மடல்கள் 13. அவற்றுள் ரோமர், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாவது, பிலேமோன் ஆகிய 7 மடல்கள் அவருடையவையே என்பதில் ஆராய்ச்சியாளரிடையே பெரும்பாலும் வழக்கில்லை. கொலோசெயருக்கும், தெசலோனிக்கேயருக்கு இரண்டாவதாகவும் எழுதப்பட்டவை பற்றி இருதரப்பு வாதம் நடக்கிறது. எபேசியர் மடலைப் பெரும்பாலோர் ஐயுறுகின்றனர். தீமோத்தேயுவுக்கு இரண்டும் தீத்துவுக்கு ஒன்றுமாக உள்ள மூன்று மடல்களோ, அவர் மறைந்து ஒரு தலைமுறையாவது கழிந்த பிறகு, அவர் பெயரை வைத்து வேறொருவர் எழுதியவை என்பதே பெரும்பான்மை முடிவு.

முதலில் கேள்வி கேட்கும் பவுலைக் காண்போம்.

கி.பி. 54 அளவில் கொரிந்து நகரத்துக்கு ஒரு மடல் போகிறது. இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே செழித்த வாணிப நகரம் அது. யூலியஸ் சீசர் கி.மு. 44-இல் மறுபடியும் குடியேற்றிய ஊர்; குடியேறியோரில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். அங்கே ஒருவர் வீட்டில் கூடும் சிறு சபை. மடலை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்பர். படிப்பவர் வாயிலிருந்து அம்பு அம்பாகப் பாய்கின்றன வினாக்கள். 'அறியீர்களோ?' என்று பொருள்படும் தொடர் அந்த ஒரு மடலில் மட்டும் 10 தடவை. அதிலும் ஆறாம் அதிகாரத்தில் மட்டும் 6 தடவை! பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் ஏழு வினாக்கள் ஒரே மூச்சில். எல்லாரும் தூதர்களோ என்று தொடங்கும் அந்த ஏழுக்கும் விடை 'இல்லை' என்பதே. அதைக் கேட்கும்போதே காட்டிவிடுகிறது கிரேக்க மொழி. 'மே' என்ற சொல்லை முன்னே வைத்துக் கேட்டால் 'இல்லை' என்ற விடையையும், 'ஊ' என்ற சொல்லை வைத்துக் கேட்டால் 'ஆம்' என்ற விடையையும் எதிர்பார்த்துக் கேட்பதாகப் பொருள். நாம் 'அல்லவா' என்றும் 'ஓ' என்றும் வினாவின் வாலில் வைப்பதை, அவர்கள் தலையில் வைத்தார்கள். நன்னூலார் விடை வகை எட்டிலே ஒன்றாக, வினாவுக்கு எதிராக வினாவையே விடுப்பதைச் சேர்த்தாரல்லவா? அந்த வித்தையிலே பவுல் வல்லவர்.

இந்த நடை அவர் கண்டுபிடித்ததன்று. அவருக்குச் சற்றுப் பிற்பட்டவர் எபிக்டெட்டஸ். அடிமையாக ரோமில் வாழ்ந்து, விடுதலை பெற்று, பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை விரட்டியபோது நாடுகடந்து, நிக்கோபொலிஸ் நகரில் பள்ளி நடத்தியவர். அவர் பேச்சை மாணவர் அர்ரியன் எழுதி வைத்தார். நான்கு புத்தகங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றைப் புரட்டினால் அதே நடை! கற்பனையாக ஓர் எதிராளி எழுந்து கேட்கிறான். ஆசிரியர் 'மே கெனொய்டோ' என்கிறார், 'ஒருக்காலும் ஆகாது' என்று பொருள். பிறகு காரணம் காட்டுகிறார். இந்த ஒற்றுமையை ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் புல்ட்மன் 1910-இல் தம் ஆய்வுநூலில் விரித்துரைத்தார். தெருமுனையிலே நின்று பேசிய தத்துவவாதிகளின் நடை இது என்றார் அவர். 1981-இல் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி ஸ்டவர்ஸ் அதைத் திருத்தினார்: இது தெருமுனைப் பேச்சன்று, பள்ளிக்கூட நடை; மாணவன் தவற்றை அவன் வாயாலேயே வெளிக்கொணர்ந்து திருத்தும் ஆசிரியரின் நடை. நமக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. எதிராளியின் வாதத்தை மறைக்காமல் சபையில் நிறுத்தி வைத்து விடை சொல்பவன், கேட்போரின் மூளையை மதிக்கிறான். அவன் சொல்லும் விடை நமக்கு ஏற்புடையதா இல்லையா என்பது வேறு செய்தி.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 'மே கெனொய்டோ' பவுல் பெயர் தாங்கிய மடல்களில் 14 தடவை வருகிறது. ரோமர் மடலில் 10, கலாத்தியரில் 3, கொரிந்தியருக்கு எழுதிய முதலாவதில் 1. ஐயத்துக்குரிய ஆறு மடல்களில் ஒன்றுகூட இல்லை. அவற்றிலே வினாவே அருமை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலில் தேடினால் ஒன்று அகப்படும்: தன் வீட்டை ஆளத் தெரியாதவன் சபையை எப்படிப் பேணுவான் என்பது. தீத்து மடலில் அதுவும் இல்லை. வினாக்குறி இருந்த இடத்தில் கட்டளை வந்து குந்திக்கொண்டது!

இது ஒன்றே போதும், கள்ளம் வெளியாயிற்று என்று துள்ளிக் குதிக்கலாமா? கூடாது. பிலேமோனுக்கு எழுதிய மடல் பவுலுடையதே, அதிலும் கேள்வியில்லை. 'மே கெனொய்டோ' பிலிப்பியரிலும் இல்லை. நண்பருக்கு எழுதும்போது ஒரு நடை, சண்டையிலே ஒரு நடை, யாருக்கும் உண்டு. தவிர, பவுல் பெரும்பாலும் தம் கையால் எழுதவில்லை. சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். ரோமர் மடலின் கடைசியில் தெர்தியு என்னும் எழுத்தர், எழுதியவன் நான் என்று தம் வணக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறார். ஆகவே, ஒரு சான்றை மட்டும் பற்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்வது ஆராய்ச்சியாகாது. பல சான்றுகள் ஒரே திசையைச் சுட்டவேண்டும்.

சுட்டினவா? மூன்றாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது இந்த வேலை. எபிரெயருக்கு எழுதப்பட்டதாக உள்ள மடலை அலெக்சாந்திரியாவின் ஒரிகன் படித்துவிட்டு, கருத்து பவுலுடையது போலிருக்கிறது, நடை அவருடையதன்று, எழுதியவர் யாரென்று கடவுளுக்கே தெரியும் என்றார். அதே நகரின் ஆயர் தியோனீசியஸ், யோவான் பெயரில் உள்ள நற்செய்தியையும் வெளிப்படுத்தின நூலையும் ஒப்பிட்டு, ஒன்றில் கிரேக்கம் பிழையற்றது, மற்றதில் இலக்கணம் தடுமாறுகிறது, எனவே இருவர் எழுதியவை என்றார். பழைய காலத்து மனிதர் எல்லாவற்றையும் கண்ணை மூடி நம்பினார்கள் என்று எவரேனும் சொன்னால், இவ்விருவரையும் காட்டலாம். 1807-இல் ஜெர்மன் இறையியலார் ஷ்லையர்மாகர், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடல் பவுலுடையது அன்று என்று அதன் சொற்களைக் கொண்டே வாதித்தார். 1921-இல் ஆங்கிலேயர் பி. என். ஹாரிசன் கணக்குப் பிள்ளையாகவே உட்கார்ந்தார். ஆட்பெயர் ஊர்ப்பெயர் நீக்கினால் அந்த மூன்று மடல்களில் வரும் வெவ்வேறு சொற்கள் 848. அவற்றில் 306, பவுலின் பெயருள்ள மற்றப் பத்து மடல்களில் எங்குமே இல்லை. 175, புதிய ஏற்பாட்டின் வேறெந்த நூலிலும் இல்லை. மூன்றிலொரு பங்குக்கு மேலான சொற்களை ஒருவர் திடீரென்று எங்கிருந்து கொணர்ந்தார்?

பிறகு கணிப்பொறி வந்தது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் மார்ட்டன் 1963-இல், வாக்கியத்தின் நீளத்தையும் 'உம்' என்ற பொருள் தரும் 'காய்' என்ற சிறு சொல்லையும் பொறியால் எண்ணி, பவுலுடையவை ஏறத்தாழ நான்கே மடல்கள் என்று அறிவித்தார். பத்திரிகைகள் பரபரத்தன. எல்லிசன் என்ற அமெரிக்கப் பாதிரியார் அதே முறையை ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலின்மீது ஏவினார்; ஒருவர் எழுதிய அந்த நாவலை ஐவர் எழுதியதாக விடை வந்தது! பொறி எண்ணும், எதை எண்ணவேண்டும் என்று சொல்லவேண்டியவன் மனிதன். வாக்கியத்தின் நீளத்தை எண்ணினாரே மார்ட்டன், அந்த வாக்கியம் எங்கே முடிகிறது என்று குறியிட்டவர் யார்? பவுல் அல்லர், அச்சுப் பதிப்பாசிரியர்.

இங்கேதான் செய்தியின் உயிர்நிலை இருக்கிறது. பவுல் மடல்களின் மிகப் பழைய தொகுப்பு, கி.பி. 200-ஐ ஒட்டிய ஒரு பாப்பிரஸ் ஏடு. அதில் எஞ்சிய 86 இதழ்களில் 56 அயர்லாந்தின் டப்ளின் நகரிலும், 30 அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்திலும் இருக்கின்றன. எழுத்துக்கள் தொடர்ந்து ஓடுகின்றன. சொல்லுக்குச் சொல் இடைவெளி பெரும்பாலும் இல்லை, வினாக்குறி இல்லை, மேற்கோள்குறி இல்லை. நம் ஓலைச்சுவடிகளைப் புரட்டியவர்களுக்கு இத்தொல்லை விளங்கும். புள்ளியில்லா எழுத்தில், மூலம் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்று பிரிக்கவே பதிப்பாசிரியர்கள் கண் நோக உழைத்தார்களன்றோ! பவுலின் மடலில் அதனினும் பெரிய தொல்லை. அவர் எதிராளியின் வாசகத்தை எடுத்துக்காட்டி மறுப்பவர். எடுத்துக்காட்டியது எது, அவர் கருத்து எது? குறி இல்லையே!

கொரிந்தியர் அவருக்கு ஒரு மடல் எழுதியிருந்தனர். அதற்கு விடையளிப்பதாக ஏழாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அவரே சொல்கிறார். எனவே, எனக்கு எல்லாம் ஆகும் என்பதும், நம் எல்லாருக்கும் அறிவு உண்டு என்பதும் கொரிந்தியர் வாக்கு. அதை எடுத்துவைத்துப் பவுல் அறுக்கிறார் என்று அறிஞர் பலரும் கொள்கின்றனர். இக்காலப் பதிப்புகள் பல அவற்றை மேற்கோள்குறிக்குள்ளேயே அச்சிடுகின்றன.

இப்போது பதினான்காம் அதிகாரத்துக்கு வாருங்கள். 34, 35 ஆகிய இரண்டு வசனங்கள். சபையிலே பெண்கள் பேசாதிருக்க வேண்டும், பேச அவர்களுக்கு அனுமதியில்லை, சட்டமும் அவ்வாறே சொல்கிறது, ஏதேனும் தெரிந்துகொள்ள விரும்பினால் வீட்டிலே கணவனைக் கேட்கட்டும், சபையில் பெண் பேசுவது வெட்கக்கேடு: இதுவே அவற்றின் சாரம். உடனே 36-ஆம் வசனத்தில் இரண்டு வினாக்கள் வெடிக்கின்றன. கடவுள் வாக்கு உங்களிடமிருந்தா புறப்பட்டது, உங்களுக்கு மட்டுமா வந்து சேர்ந்தது என்ற கருத்தில்.

யாரைப் பார்த்து இந்தக் கேள்வி? 'உங்களுக்கு மட்டுமா' என்பதில் உள்ள 'மட்டும்' என்ற சொல் கிரேக்கத்தில் ஆண்பால் பன்மை. தமிழில் 'நீங்கள்' என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது, ஆங்கிலத்திலும் தெரியாது. மொழிபெயர்ப்பைப் படிப்போர் கண்ணுக்கு இந்தப் பால் தெரிவதே இல்லை. வினாவுக்கு முன்னே 'ஏ' என்ற சிறு சொல்லும் நிற்கிறது. 'அல்லது' என்பது அதன் பொருள். எதிராளியைச் சாடப் புகும்போது, 'அல்லது அறியீர்களோ' என்று இதே மடலில் பவுல் பலமுறை ஆளும் சொல் அது. ஆகவே சிலர் வாதிக்கின்றனர்: பெண்ணே பேசாதே என்பது கொரிந்து ஆண்களின் வாசகம், அதை எடுத்துக்காட்டிவிட்டு, கடவுள் வாக்கு உங்களுக்கு மட்டுமா உடைமை என்று அந்த ஆண்களைத்தான் பவுல் சாடுகிறார்! ஒரு மேற்கோள்குறி இட்டால் கட்டளை, கண்டனமாக மாறிவிடுகிறது.

சான்று இல்லாமலும் இல்லை. இதே மடலின் பதினோராம் அதிகாரம், பெண்கள் சபையிலே வேண்டுதல் செய்வதையும் வாக்குரைப்பதையும் நடப்புச் செய்தியாகக் கூறி, தலைமேல் முக்காடு வேண்டும் என்று மட்டுமே வாதிடுகிறது. பேசவே கூடாதவளுக்கு, பேசும்போது முக்காடு எதற்கு? அடுத்து, சட்டம் சொல்கிறது என்ற தொடரைப் பாருங்கள். மறைநூலைக் காட்டும்போது பவுல், எழுதியிருக்கிறபடி என்று தொடங்கி வாசகத்தையும் எடுத்துத் தருவது வழக்கம். இதே அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தில் அப்படித்தான் செய்கிறார். இங்கே மட்டும் சட்டம் சொல்கிறது என்று கூறி, என்ன சொல்கிறது என்பதைத் தரவில்லை. எப்படித் தருவார்? சபையில் பெண் பேசலாகாது என்றொரு விதி மோசேயின் ஐந்து நூல்களில் இல்லையே!

எனினும் மறுப்புரையையும் கேட்டாகவேண்டும். கிரேக்கத்தில் ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கும் ஆண்பால் பன்மையே வரும். பவுல் எடுத்துக்காட்டும் கொரிந்தியர் வாசகங்கள் மற்ற இடங்களில் ஓரடிச் சொற்றொடர்கள். இதுவோ காரணமும் விளக்கமும் கொண்ட நீண்ட பத்தி. இதனால் வேறு சிலர் மூன்றாவது வழியைக் காட்டினர்: இவ்விரண்டு வசனங்களும் பவுல் எழுதியவையும் அல்ல, கொரிந்தியர் எழுதியவையும் அல்ல, பிற்காலத்தான் எவனோ ஓரத்தில் எழுதிவைத்தது, படியெடுத்தவர் கைபட்டு உள்ளே புகுந்துவிட்டது. 1987-இல் கார்டன் ஃபீ என்ற அறிஞர் தம் உரைநூலில் இதை வலியுறுத்தினார். அவர் நாத்திகரல்லர், பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். பாரிசில் உள்ள ஆறாம் நூற்றாண்டுச் சுவடியிலும், அதனோடு உறவுடைய வேறு சிலவற்றிலும் இவ்வசனங்கள் 33-க்குப் பின் வராமல் 40-க்குப் பின் வருகின்றன. ஓரக்குறிப்பாக இருந்ததை ஒருவர் இங்கே செருகினார், ஒருவர் அங்கே செருகினார் என்றால் இது விளங்கும். ஆனால், இவ்வசனங்களே இல்லாத சுவடி ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. இருந்தும் நம் மனம் இந்த மூன்றாவது கருத்தின் பக்கமே சாய்கிறது. காரணம், அந்த வசனங்களின் குரல். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலின் இரண்டாம் அதிகாரம், பெண் அமைதியாக அடங்கிக் கற்கட்டும், கற்பிக்க அவளுக்கு அனுமதியில்லை என்கிறதே, அதே குரல். வினாத் தெரியாத குரல்.

பிறர் பெயரில் எழுதுவது அக்காலத்தில் குற்றமாகவே கருதப்படவில்லை என்று சிலர் சப்பைக்கட்டு கட்டுவர். கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய ஞானமுழுக்கு பற்றிய நூலே அவர்களுக்கு விடை. தெக்லா என்ற கன்னி பவுலின் சொல் கேட்டு, திருமணத்தைத் துறந்து, ஊர் ஊராகச் சென்று போதித்தாள் என்று ஒரு கதைநூல் உலவியது. பெண்களும் போதிக்கலாம், முழுக்குத் தரலாம் என்பதற்குச் சிலர் அதை மேற்கோள் காட்டினர். தெர்த்துல்லியன் சீறினார். அதை எழுதியவன் ஆசியாவில் ஒரு மூப்பன், பவுல்மீது வைத்த அன்பால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டான், பதவியிழந்தான் என்று பதிந்தார். அத்தோடு நின்றாரா? பெண்கள் வாய் மூடி வீட்டிலே கணவனைக் கேட்கட்டும் என்ற அந்தக் கொரிந்தியர் வசனத்தையே பவுலின் தீர்ப்பாகக் காட்டி முடித்தார்! பெண்ணைப் பேசவிட்ட புனைவுக்குப் பதவி பறிபோயிற்று. பெண்ணை வாயடைத்த புனைவுக்கு மறைநூலிலே இடம் கிடைத்தது.

ஆராய்ச்சியாளர் அறைக்குள் நடக்கும் சொற்போர்தானே இது, நமக்கென்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் சாரா கிரிம்கே, ஆஞ்செலினா கிரிம்கே என்ற உடன்பிறந்தார் இருவர், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்திலே பிறந்தும், அடிமை முறையை எதிர்த்து மேடையேறினர். 1837-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் காங்கிரிகேஷனல் போதகர் சங்கம், பெண்ணுக்கு மேடை தகாது என்று புதிய ஏற்பாட்டைக் காட்டிச் சுற்றுமடல் விடுத்தது. அடிமைக்காகப் பேசிய வாயைத்தான் அடைக்கப் பார்த்தனர்! சாரா அசையவில்லை. கிரேக்கமும் எபிரேயமும் கற்கும் பேறு பெண்களுக்கு வாய்த்தால், மறைநூலுக்குச் சற்று வேறான பாடங்கள் வெளிவரும் என்று திருப்பியடித்தார். வாய்த்தது. ஓபர்லின் கல்லூரியில் இறையியல் பயின்ற அன்டாய்னெட் பிரவுன், 1849-இல் இந்த வசனங்களையே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மூலச் சொல் வெறும் அரட்டையைத் தடுக்கிறதேயன்றிப் போதனையை அன்று என்றார். படித்து முடித்தார், பட்டம் தரவில்லை; 1853-இல் நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் போதகராக அமர்ந்தார். அடுத்து வந்தவர் காதரின் புஷ்னெல் என்ற பெண் மருத்துவர். 1891-92-இல் இந்தியாவுக்கு வந்து, பிரிட்டிஷ் படைகளின் பாசறைகளில் பெண்கள் சிப்பாய்களுக்காக அடைத்து வைக்கப்பட்ட கொடுமையை நேரில் ஆராய்ந்து, பிரிட்டனில் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னவர் அவர். பிறகு மூலமொழிகளில் மூழ்கி, பதினான்காம் அதிகார வசனங்கள் பவுலின் கருத்தல்ல, அவர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய எதிராளியின் வாசகம் என்று எழுதினார். பல்கலைக் கழகத்தார் இக்கருத்தைப் பரவலாக விவாதித்தது 1980-களில். அந்த அம்மையார் அதை அச்சிட்டது 1920-ஐ ஒட்டி!

சரி, நாளையே ஒரு சுவடி கிடைத்து, அவ்வசனங்களைப் பவுலே எழுதினார் என்று உறுதிப்பட்டுவிட்டால்? பெண் வாய் மூடவேண்டுமோ? வேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு துறைமுக ஊரின் சச்சரவுக்கு ஒருவர் சொன்ன தீர்வு, எழுதியவர் பெயரால் மட்டும் உண்மையாகிவிடாது. பவுலைப் பெண்ணுரிமை வீரராகவும் அடிமை ஒழிப்புத் தலைவராகவும் ஆக்க நாம் முற்படவில்லை. ஐயமற்ற ஏழு மடல்களில் 'அடிமைகளே, அடங்குங்கள்' என்ற கட்டளை இல்லை என்பது மெய். பிலேமோனுக்கு எழுதியபோது அவன் அடிமை ஒநேசிமுவுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக்கொடு என்று அவர் வெளிப்படக் கேட்கவில்லை என்பதும் மெய். நாம் அறிய விரும்புவது, யார் பெயரால் யார் அதிகாரம் செலுத்தினார் என்பதையே.

அதை ஏடு காணாமலே உணர்ந்த ஒரு மூதாட்டியை, அமெரிக்கக் கறுப்பினப் போதகர் ஹோவர்ட் தர்மன் 1949-இல் வெளிவந்த தம் நூலில் நமக்குக் காட்டுகிறார். அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். சிறுவனாயிருந்த பேரனை அழைத்து மறைநூலைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பவுல் மடல்களை மட்டும் படிக்கவிடமாட்டார். ஏன் என்று பல ஆண்டுகள் கழித்துப் பேரன் கேட்டார். அடிமைக் காலத்தில் ஆண்டையின் வெள்ளைப் போதகர் ஆண்டுக்கு மூன்று நான்கு தடவையாவது, அடிமைகள் ஆண்டைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதையே பவுலின் வாக்காக எடுத்துவைத்துப் பேசுவார். விடுதலை வந்து, படிக்கவும் கற்றுவிட்டால் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை என்று அன்றே உறுதி பூண்டேன் என்றாராம். அந்தக் கட்டளை நிற்பது எபேசியர், கொலோசெயர் மடல்களில். பவுல் எழுதினாரா என்று அறிஞர் ஐயுறும் பட்டியலில் உள்ளவை அவை. பாட்டி அளித்த விலக்கு ஒன்றே ஒன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் பதின்மூன்றாம் அதிகாரத்தை, அன்பைப் பற்றியதை, எப்போதாவது படிக்கச் சொல்வார். பேரன் அதை முடித்ததும் ஏட்டை மூடிவிடுவார். பதினான்காம் அதிகாரத்துக்குப் போவதில்லை.